எத்தனை செக்கன்?

ஓட்டப் போட்டியொன்று முடிந்ததும் எமது மைதானத்தில் எழும் முதற் கேள்வி, "யார் முதலாவது?" என்பதாகும். அடுத்தது, "எந்த இல்லம்?" மூன்றாவது, "இப்போது எத்தனை புள்ளி?" இம்மூன்றுக்கும் விடை கிடைத்தவுடன் ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சிக்கு அழைக்கத் தொடங்கிவிடும். "எத்தனை செக்கன்?" என்று கேட்பவர்கள் மிக அரிது. நேரக்கணிப்பாளரின் கையில் நிறுத்தற்கடிகாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அது காட்டும் எண் முதலாவதாக வந்தவருக்கு மட்டுமே எழுதப்படுகிறது. மாலையில் கூடாரங்களைக் கழற்றும்போது அந்தக் காகிதமும் எங்கோ போய்விடுகிறது. ஐந்தாவதாக வந்த மாணவிக்கு எஞ்சுவது, "பங்குபற்றியதே பெரிய விடயம்" என்ற ஆறுதல் வார்த்தை மட்டும்தான்.

யாரும் கேட்காத அந்த நான்காவது கேள்விதான் எம்மைப் போன்ற மாணவிகளுக்கு மிகவும் அவசியமானது என்பது எனது கருத்து. இடம் என்பது அன்று யார் யார் வந்து ஓடினார்கள் என்பதைப் பொறுத்தது. வேகமாக ஓடும் தோழி காய்ச்சலில் வீட்டிலிருந்தால் நான் இரண்டாமிடத்திலிருந்து முதலாமிடத்துக்கு வந்துவிடுவேன். எனது கால்கள் சிறிதும் முன்னேறியிருக்காது. நேரம் அப்படியல்ல. சென்ற தவணையில் 100 மீற்றரை 17.8 செக்கனில் ஓடிய ஒருத்தி இந்தத் தவணையில் 17.1 செக்கனில் ஓடினால், ஏழாமிடத்தில் வந்தாலும் அவள் முன்னேறியிருக்கிறாள். அதை யாராலும் மறுக்க முடியாது. ஆனால், எழுதிவைக்காவிட்டால் அவளுக்கே அது தெரியாமற் போய்விடும்.

எமது நாட்டு விளையாட்டு வரலாற்றின் பெருமைமிக்க கதைகளில் ஒன்று இந்த நுண்மையைத்தான் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில், சிட்னி ஒலிம்பிக்கின் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதிப் போட்டியில் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். 1948இல் இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதன் பின்னர், 52 ஆண்டுகள் காத்திருந்து எமது நாடு பெற்ற பதக்கம் அது. இரண்டாவதாக வந்த பஹாமாஸ் வீராங்கனை போலின் டேவிஸ் தொம்சனின் நேரம் 22.27 செக்கன். இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு. சுசந்திகாவின் சராசரி வேகத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த நேரத்துக்குள் அவர் கடந்திருக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர்தான். ஓர் உள்ளங்கையின் அகலம். அந்த உள்ளங்கை அகலத்துக்காகத்தான் ஓட்ட வீராங்கனைகள் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள்.

நேரத்தை அளப்பதே ஒரு கல்விதான். பௌதிகவியல் படிக்கும் தோழியருக்கு இது சுவையாக இருக்கும். 100 மீற்றர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டருகே நிற்கும் நேரக்கணிப்பாளர், ஆரம்ப வெடியின் ஓசையைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தக் கூடாது. புகையைப் பார்த்தே அழுத்த வேண்டும். ஏனெனில், ஒலி 100 மீற்றர் தூரம் வந்துசேர ஏறத்தாழ 0.3 செக்கன் எடுக்கிறது. ஓசையைக் கேட்டு அழுத்தினால் ஓடியவரின் நேரம் அந்த அளவுக்குக் குறைந்து பதிவாகும். கையால் கணிக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனுக்கு மேல்நோக்கியே முழுமைப்படுத்துவார்கள். வெடி ஒலித்து 0.1 செக்கன் கழியுமுன் ஒருவரின் கால் தொடக்கக் கட்டையை உந்தினால், அது ஓசையைக் கேட்டுப் புறப்பட்டதல்ல, ஊகித்துப் புறப்பட்டது என்று சர்வதேச விதி கருதுகிறது. ஒரு நிறுத்தற்கடிகாரமும் ஒரு கொப்பியும் இருந்தால் எமது மைதானமே ஓர் ஆய்வுகூடமாகிவிடும்.

ஆனால், நாம் நேரத்தோடு போட்டியிடாதவர்களா? உண்மையில் எம்மைப் போல் நேரத்தோடு போட்டியிடுபவர்கள் வேறு யாருமில்லை. உயர்தர உயிரியல் முதலாம் பத்திரத்தில் 50 வினாக்கள். நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். கடந்தகால வினாத்தாளைக் கையில் எடுத்தால் மேசையில் மணிக்கூட்டையும் எடுத்து வைக்கிறோம். "சென்ற கிழமை 1 மணி 50 நிமிடம், இந்தக் கிழமை 1 மணி 40 நிமிடம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்கிறோம். வகுப்பில் முதலாவதாக வராதவளும் தனது நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகிறாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வினாத்தாளுக்குச் செய்யும் இந்த நியாயத்தை எமது உடலுக்கும் செய்தால் என்ன?

"உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஓட எங்கே நேரம்? பரீட்சை முடியட்டும் மகள், பிறகு பார்ப்போம்" என்று உம்மாமார் சொல்வதுண்டு. அவர்களது கவலையில் நியாயம் இருக்கிறது. காலையில் பாடசாலை, பின்னேரம் பிரத்தியேக வகுப்பு, இரவில் பாடக் குறிப்பு. இதற்குள் இன்னொன்றை எப்படிச் செருகுவது? இந்தக் கேள்விக்கு ஒரு மருத்துவ மாணவர் விடை சொல்லியிருக்கிறார்.

அவர் இங்கிலாந்தின் ரொஜர் பனிஸ்டர். ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓட மனிதனால் முடியாது என்று பலரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இலண்டன் மருத்துவமனையொன்றில் அவர் படித்துக்கொண்டிருந்தார். நாள் முழுவதும் பயிற்சி செய்ய அவருக்கு வசதியிருக்கவில்லை. மதிய உணவு இடைவேளையில் அருகிலிருந்த ஓடுபாதைக்குச் சென்று, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் பலமுறை ஓடுவார். இடையிடையே சிறிது ஆறுவார். மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவார். 1954 மே 6ஆம் திகதி, ஒக்ஸ்போர்ட்டில் 3 நிமிடம் 59.4 செக்கனில் அவர் மைலை ஓடி முடித்தார். முடிவை அறிவித்தவர் நேரத்தின் முதல் எண்ணாகிய "மூன்று" என்பதைச் சொன்னதுமே கூட்டத்தின் ஆரவாரத்தில் மீதி கேட்காமற் போயிற்றாம். அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்கள் யார் முதலாவது என்று அறியக் காத்திருக்கவில்லை. எத்தனை செக்கன் என்று அறியவே காத்திருந்தார்கள்.

இந்தக் கதையை ஓரளவு பலர் அறிவர். இதற்கு 23 நாட்களின் பின் நடந்ததை அறிந்தவர்கள் குறைவு. 1954 மே 29ஆம் திகதி, அதே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் டயன் லெதர் என்ற இளம்பெண் 4 நிமிடம் 59.6 செக்கனில் ஒரு மைலை ஓடினார். 5 நிமிடத்துக்குள் மைலை ஓடிய முதற் பெண் அவரே. பனிஸ்டரின் நேரம் உலக சாதனையாகப் பதிவாயிற்று. லெதரின் நேரமோ உத்தியோகபூர்வ உலக சாதனையாகப் பதியப்படவில்லை. பெண்களின் மைல் ஓட்டத்துக்கு அப்போது சாதனைப் பட்டியலே இருக்கவில்லை. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அதனை அங்கீகரித்தது 1967இல்தான்.

அதற்கும் முன்னர், 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையுடன் வென்றார். ஆனால், ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள், இது பெண்ணுடலுக்குத் தகாது என்று பத்திரிகைகள் எழுதின. ஓடி முடித்த ஆண்களும் களைத்து விழுவதுண்டு என்பதை அவை எழுதவில்லை. பெண்களுக்கான 800 மீற்றர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960இல் ரோம் நகரில்தான் திரும்பி வந்தது. 32 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் ஓடியிருக்கக்கூடிய எத்தனையோ பெண்களின் நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடிகாரம் பாரபட்சம் காட்டுவதில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்து அது மெதுவாகவோ விரைவாகவோ நகர்வதில்லை. பாரபட்சம் காட்டியது, எண்ணை எழுத மறுத்த பேனாதான்.

அந்த வரலாறு எங்கோ தொலைதூரத்தில் நடந்தது என்று நினைத்து நாம் ஆறுதலடைய முடியாது. தரம் 6 இல் இடைவேளை மணி அடித்தவுடன் மைதானத்துக்குப் பறந்தவர்கள், தரம் 9 வரும்போது மரநிழலில் அமர்ந்து கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரம் 11 இல் சாதாரண தரப் பரீட்சை வந்துவிடுகிறது. உயர்தரத்துக்கு வந்ததும் நாம் ஏற்பாட்டுக் குழுவினராகிவிடுகிறோம். தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கிறோம், இல்லக் கூடாரத்துக்குக் கடதாசிப் பூ ஒட்டுகிறோம், தங்கைமார் ஓடும்போது தொண்டை கட்டும்வரை கத்துகிறோம். எமது நேரசூசியில் உடற்கல்விக்கு ஒரு பாடவேளையும் இல்லை. யாரும் எம்மை ஓட வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஓடுவதற்குரிய மணித்தியாலம் மெல்ல மெல்ல எம்மிடமிருந்து நழுவிவிட்டது, அவ்வளவுதான்.

ஓடுகின்ற சிலருக்கும் விளையாட்டுப் போட்டிக்கு முந்திய மூன்று கிழமைகள்தான் பயிற்சி. உடலின் கணக்கு வேறு. இதயமும் நுரையீரலும் தசைகளும் ஒரு பயிற்சிக்குப் பழகி, அதன் பயனைக் காட்டச் சில கிழமைகள் தேவை. பயிற்சியை நிறுத்தினால், பெற்ற பயன் சில கிழமைகளிலேயே குறையத் தொடங்கிவிடும். மூன்று கிழமை ஓடி, 49 கிழமை உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிடைப்பது கால் நோவு மட்டுமே. அதன் பிறகு, "எனக்கு ஓட வராது" என்று எம்மை நாமே முடிவுசெய்துகொள்கிறோம். அந்த முடிவுக்கு எந்த எண்ணும் ஆதாரமாக இல்லை.

"முஸ்லிம் பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்ததும், முதன்முறை அன்னையவர்கள் வென்றதும், பின்னொரு காலத்தில் அவர்களது உடல் சற்றுப் பருத்திருந்தபோது நபியவர்கள் வென்றதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளன. வெட்கமும் ஒழுக்கமும் எமக்கு ஆபரணங்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பேணியபடியே ஓட முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2006இல் டோஹா ஆசிய விளையாட்டு விழாவில், தலையை மறைத்து முழு உடையுடன் ஓடிய பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா 200 மீற்றரில் தங்கம் வென்றார். அதே போட்டியில் மூன்றாவதாக வந்தவர் எமது சுசந்திகாதான். மேலும், பெண்கள் கல்லூரியொன்றில் சுற்றுமதிலும் மைதானமும் ஆசிரியைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை.

எனது கருத்தை வகுப்பில் சொன்னபோது தோழியொருத்தி நல்லதொரு கேள்வி கேட்டாள். "எல்லாருடைய நேரத்தையும் எழுதினால், மெதுவாக ஓடுபவர்கள் வெட்கப்பட்டு ஓடாமலே விட்டுவிடுவார்களே?" இதை நான் பலநாள் யோசித்தேன். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில், சவூதி அரேபியாவின் சார்பில் முதன்முதலாகப் பங்கேற்ற இரு பெண்களில் ஒருவர் சாரா அத்தார். 800 மீற்றர் தகுதிச் சுற்றில் அவரது நேரம் 2 நிமிடம் 44.95 செக்கன். தமக்கு முன்னால் சென்றவருக்கு அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி, தனியாகவே கோட்டைக் கடந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவரது நேரத்தை யாரும் மறைக்கவில்லை. இன்றும் அந்த எண் ஒலிம்பிக் பதிவில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளின் பின் ரியோவில் அவர் மரதன் ஓட்டத்தையும் ஓடி முடித்தார். வெட்கம் தருவது மெதுவான நேரமல்ல. அதைப் பிறருடைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுவதுதான். ஆகவே, பதிவேட்டை அறிவித்தற் பலகையில் ஒட்ட வேண்டாம். ஒவ்வொருத்தியின் பக்கமும் அவளுக்கும் ஆசிரியைக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னோர் ஆபத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. எண் எஜமானாகிவிட்டால் மனிதன் அடிமையாகிவிடுவான். சிட்னியில் சுசந்திகா ஓடிய அதே போட்டியில் 21.84 செக்கனில் முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். தாம் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007இல் அவரே ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிக்கப்பட்டன. பின்னர் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கடிகாரம் செக்கனை அளக்கும், நேர்மையை அளக்காது. அதை ஓடுபவர்தான் கொண்டுவர வேண்டும். ஓய்வும் அப்படியே. பனிஸ்டர் சாதனைக்கு முந்திய கிழமைகளில் எவ்வளவு முயன்றும் ஒரு சுற்றை 61 செக்கனுக்குக் கீழே கொண்டுவர முடியாமல் தவித்தார். பயிற்சியை விட்டு ஸ்கொட்லாந்து மலைகளுக்குச் சென்று சில நாட்கள் ஏறித் திரிந்தார். திரும்பி வந்து ஓடியபோது 59 செக்கன்! சுவீடன் நாட்டவர்கள் 'பார்ட்லெக்' என்றொரு பயிற்சி முறையையே வைத்திருக்கிறார்கள். வேகத்தோடு விளையாடுதல் என்பது அதன் பொருள். கடிகாரத்தைப் பாராமல், மனம் சொல்லும்போது விரைந்தும் தளர்ந்தும் ஓடுவது அது. கிழமையில் ஒருநாள் கடிகாரத்தைப் பையிலே போட்டுவிட்டு ஓடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

சரியாகப் பயன்படுத்தினால் கடிகாரம் நல்லதோர் ஆசிரியை. ஓர் உதாரணம் சொல்கிறேன். எமது மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர். 800 மீற்றருக்கு நான்கு சுற்றுகள். நாம் பெரும்பாலும் செய்வது என்ன? கரகோஷத்தில் மயங்கி முதற் சுற்றை 35 செக்கனில் பறப்போம். அடுத்தது 45, அதற்கடுத்தது 52, இறுதிச் சுற்றை 55 செக்கனில் இழுபட்டு முடிப்போம். மொத்தம் 3 நிமிடம் 7 செக்கன். நான்கு சுற்றுகளையும் சீராக 45 செக்கனில் ஓடினால் சரியாக 3 நிமிடம். தொடக்கத்தில் பத்து செக்கன் பொறுமை காட்டியவளுக்கு முடிவில் ஏழு செக்கன் இலாபம். சுற்றுக்குச் சுற்று நேரம் சொல்லும் ஒருவர் அருகில் நின்றால் இந்தப் பாடத்தை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

எனவே, எமது கல்லூரிச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, தரம் 6 முதல் 13 வரை ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நேரப் பதிவேடு வேண்டும். தவணைக்கு ஒருமுறை 100 மீற்றரும் 800 மீற்றரும் ஓடி, இடத்தை எழுதாமல் நேரத்தை மட்டும் எழுதினால் போதும். நோயுள்ளவர்கள் நடந்து முடித்த நேரத்தையும் எழுதலாம். நேரம் கணிக்க உயர்தர மாணவிகளாகிய நாம் முன்வருவோம்.

இரண்டாவது, இல்ல விளையாட்டுப் போட்டியில் முன்னேற்றத்துக்கும் புள்ளி வழங்க வேண்டும். சென்ற ஆண்டின் தனது நேரத்தை முறியடித்த ஒவ்வொருத்தியும் தனது இல்லத்துக்கு ஒரு புள்ளி சேர்க்கட்டும். அப்போது இல்லத் தலைவியர் வேகமான நால்வரை மட்டும் தேடி வகுப்பு வகுப்பாக அலைய மாட்டார்கள். இதுவரை யாரும் அழைக்காத பிள்ளையையும் "வாங்க, ஓடுவோம்" என்று அழைப்பார்கள்.

மூன்றாவது, உயர்தர மாணவிகளுக்குக் கிழமையில் இரு நாட்கள் ஒரு பாடவேளை தர வேண்டும். 40 நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று கேட்கலாம். உடலைச் சூடாக்க 10 நிமிடம். 200 மீற்றரை 40 செக்கன் வீதம் ஆறு தடவை ஓட 4 நிமிடம். இடையிலான ஐந்து ஓய்வுகளுக்கு இரண்டிரண்டு நிமிடமாக 10 நிமிடம். உடலைத் தளர்த்த இன்னும் 10 நிமிடம். மொத்தம் 34. முகம் கழுவி வகுப்புக்குத் திரும்ப 6 நிமிடம் மீதியிருக்கிறது. ஒரு மருத்துவ மாணவருக்கு மதிய இடைவேளை போதுமாயிருந்ததென்றால், மருத்துவ பீடக் கனவோடு இருக்கும் எமக்கு இது போதாதா?

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. இரண்டு நிறுத்தற்கடிகாரங்கள், சில கொப்பிகள், மனம் வைக்கும் ஓர் ஆசிரியை. எம்மில் ஒருவர் ஒலிம்பிக்குக்குப் போவாரோ தெரியாது. அதற்காக நான் இதைக் கேட்கவுமில்லை. இன்று தரம் 6 இல் படிக்கும் ஒரு தங்கை உயர்தரம் முடித்து வெளியேறும் நாளில், தனது பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். முதல் வரியில் 19.4 என்றும் கடைசி வரியில் 16.2 என்றும் இருக்கலாம். இடையில் காய்ச்சல் வந்த தவணையில் நேரம் கூடியிருக்கலாம். பரீட்சை ஆண்டில் ஒன்றும் குறையாமலே இருந்திருக்கலாம். ஆனாலும், அந்த எட்டு ஆண்டுகளில் அவள் ஓடுவதை நிறுத்தவில்லை என்பதை அந்தப் பக்கம் அவளுக்குச் சொல்லும். கிண்ணங்கள் கல்லூரியின் கண்ணாடி அலுமாரியில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.